சோம்பு வாசனையும் கேமரூன் வண்டும்

செம்பனைத் தோட்டத்துக்குள் வெயில் ஏறியபின் நடந்திருக்கிறீர்களா? ஜாசின், அலோர் காஜா, அசகான் என்று மலாக்காவின் எந்தப் பக்கமானாலும் சரி, சில மரங்களை நெருங்கியதும் சோம்பு வாசனை அடிக்கும். பக்கத்து லயத்தில் யாரும் தாளிக்கவில்லை. மட்டைகளின் இடுக்கில் ஆண்பாளை ஒன்று பூத்திருக்கிறது. சற்றுக் கிட்டே போய்ப் பாருங்கள். பாளை அசைவதுபோல் தோன்றும். அசைவது பாளையல்ல, அதன்மேல் மொய்த்துக் கிடக்கும் ஆயிரக்கணக்கான வண்டுகள். ஒவ்வொன்றும் அரை அரிசி நீளம்தான் இருக்கும். உடல் கரும்பழுப்பு, முகத்தில் நீண்டு வளைந்த மூக்கு. மலேசியச் செம்பனைத் தொழில் இந்த மூக்கை நம்பித்தான் நடக்கிறது.

இதன் அறிவியல் பெயர் இலீடோபியஸ் கேமரூனிகஸ். கூன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கூன்வண்டு இனங்கள் மட்டும் ஏறத்தாழ 60,000. உலகத்துப் பறவை இனங்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். அவற்றுள் இந்த ஓர் இனத்துக்குச் செம்பனையின் ஆண்பாளையே வீடு, சாப்பாடு, தொட்டில் எல்லாம். வேறு மரத்தில் விட்டால் பட்டினி கிடந்து சாகும்.

இவ்வளவு பிடிவாதமான ஒரு பூச்சி ஏன் தேவைப்படுகிறது? செம்பனையின் பூக்கும் முறையில் விடை இருக்கிறது. ஒரே மரம் ஆண்பாளையும் தள்ளும், பெண்பாளையும் தள்ளும். ஆனால் பெரும்பாலும் இரண்டையும் ஒரே காலத்தில் தள்ளாது. சில மாதம் ஆண், பிறகு சில மாதம் பெண் என்று முறை மாறி வரும். எனவே பெண்பாளைக்கு வேண்டிய மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வந்து சேர வேண்டும். பெண்பாளை மகரந்தத்தை ஏற்பதோ ஓரிரு நாள்தான். அதற்குள் வந்து சேராவிட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் திரள வேண்டிய குலை பாதி வெறுமையாகிவிடும்.

மரம் இதைத் தீர்க்கும் விதம் கொஞ்சம் கள்ளத்தனமானது. ஆண்பாளை பூக்கும்போது எஸ்ட்ரகோல் என்ற மணப்பொருளை வெளியிடும். சோம்பிலும் இருக்கிற பொருள்தான். வண்டுகள் அந்த மணம் பிடித்து வந்து, பூவின் பாகங்களைத் தின்று, அங்கேயே முட்டையிடும். உடம்பெங்கும் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பெண்பாளையும் அதே மணத்தை வெளியிடுகிறது, ஆனால் விட்டுவிட்டு. ஏமாந்த வண்டு அங்கே போய் இறங்கும். தின்ன ஒன்றுமில்லை, முட்டையிட இடமில்லை. பூவுக்குப் பூ அலைந்து பார்த்துவிட்டுப் பறந்துபோகும். அந்த அலைச்சலில் மகரந்தம் உதிர்ந்துவிடுகிறது. சம்பளமில்லாத வேலையைச் சம்பளம் உண்டென்று நம்பவைத்து வாங்கிக்கொள்கிறது மரம்.

ஆனால் மலேசியாவில் இந்த வண்டு வெகுகாலம் இருக்கவில்லை. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1917இல் சிலாங்கூரின் தெனமாராம் தோட்டத்தில் வணிகப் பயிராயிற்று. மரம் கடல் தாண்டி வந்ததே தவிர, அதன் வண்டு ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டது. செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்று அன்றைய பாடநூல்கள் சொன்னதால், எது குறைகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. குறையை ஈடுகட்டியது தோட்டத் தொழிலாளர்களின் கை. ஆண்பாளையிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, மாவுடன் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பாளைக்குள் ஊதிவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் போனால் போதாது. ஓரிரு நாளே விரிந்திருக்கும் பூவைத் தவறவிடாதிருக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது இதற்கென்றே ஆள் ஒதுக்க வேண்டியிருந்தது.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் இருந்த லெஸ்லி டேவிட்சன் கேமரூனிலும் வேலை பார்த்தவர். அங்கே செம்பனைப் பாளையை வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்திருந்தார். மலேசிய மரங்களில் அந்த வண்டுகள் இல்லை என்பதும் அவர் கண்ணில் பட்டது. அவர் எழுப்பிய கேள்விக்கு விடை தேடி, பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970களின் பிற்பகுதியில் கேமரூனுக்குப் போனார். காற்றை நம்பிய பாடநூல் தவறு என்று அவருடைய ஆய்வு காட்டியது. பாளைக்கு வந்த பல பூச்சிகளுள் கேமரூனிகஸ்தான் மழைக்காலம், வறண்ட காலம் இரண்டிலும் தாக்குப்பிடித்தது. மகரந்தமும் நிறையச் சுமந்தது.

அந்நியப் பூச்சியை ஒரு நாட்டுக்குள் விடுவது விளையாட்டல்ல. அது வேறு பயிரைத் தின்னத் தொடங்கினால் திருப்பி அழைக்க வழியில்லை. தனிமைப்படுத்திய கூண்டுகளில் வளர்த்து, வேறு பயிர்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். எதையும் அது தொடவில்லை. 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். அதன்பின் அது பெருகிய வேகத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. முட்டை வண்டாக இரண்டு மூன்று வாரம் போதும். ஒரே பாளையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவரும். ஓரிரு ஆண்டில் தீபகற்பத்தின் தோட்டங்களெல்லாம் அதன் கைக்குள் வந்தன. பூக்களில் ஏறத்தாழப் பாதியே காயாகிய நிலை மாறி, 70 விழுக்காடு அளவுக்குக் காய்பிடித்தது. கையால் மகரந்தம் ஊதும் வேலை பெரட்டிலிருந்தே மறைந்தது.

ஒரு புதிய குடியேறி வந்ததும் பழைய குடிகளின் கணக்கும் மாறியது. வாடிய ஆண்பாளைக்குள் கொழுத்த வண்டுப்புழுக்கள் கிடப்பதை எலிகள் கண்டுபிடித்துவிட்டன. அதுவரை செம்பனைப் பழத்தைத் தின்றுவந்த எலிக்குப் புரதமும் கிடைத்தது. அந்த எலியைப் பிடிக்கத்தான் பல தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். மரவரிசைகளுக்கு நடுவே பெட்டி வைத்த கம்பத்தைப் பார்த்தால், பூ, வண்டு, எலி, கூகை என்று நீளும் சங்கிலியின் கடைசிக் கண்ணி அது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி தலையை நிமிர்த்தி மட்டைகளைப் பாருங்கள். ஓலையின் அடியில் காய்ந்த சருகுத் துண்டுகள்போல் சிறு பைகள் தொங்கினால், உள்ளே ஆள் இருக்கிறது. மலாயில் உலாட் புங்குஸ் எனப்படும் பைப்புழு அது. முட்டையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஓலையைக் கொறித்துப் பட்டுநூலால் கோத்துத் தனக்கொரு பை செய்துகொள்ளும். தலையை மட்டும் நீட்டித் தின்னும். ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வளர வளரப் பைக்கு ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கும். ஆண்புழு ஒரு நாள் சிறகு முளைத்து அந்துப்பூச்சியாகப் பறந்துபோகும். பெண்ணுக்குச் சிறகே முளைப்பதில்லை. ஆண் தேடி வரும். பெண் அந்தப் பைக்குள்ளேயே கருவுற்று, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை அங்கேயே இட்டு, அங்கேயே முடிந்துபோகும். குஞ்சுகள் பட்டுநூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போகும். வெளியுலகை ஒருமுறையும் பார்க்காத தாயின் பிள்ளைகள் தோட்டம் முழுவதும் பரவுவது இப்படித்தான்.

பைப்புழு பெருகினால் ஓலை சல்லடையாகும், விளைச்சல் சரியும். இதில் மனிதனுக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்தது. 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் எல்லாப் பூச்சியையும் கொல்லும் புதிய மருந்துகளைத் தோட்டங்களில் தாராளமாக அடித்தார்கள். பைப்புழு குறைய வேண்டும். மாறாகக் கட்டுக்கடங்காமல் பெருகியது. பைக்குள் பதுங்கிய புழுவில் ஒரு பகுதி தப்பிவிட்டது. பையில் துளையிட்டுப் புழுவின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகள், அதாவது பிற பூச்சியின் உடலையே தம் குஞ்சுக்கு உணவாக்கும் நுண்குளவிகள், மருந்தில் செத்துவிட்டன. காவலாளியைக் கொன்றால் திருடன் பெருகத்தானே செய்வான்? பூச்சியியலாளர் பிரையன் வுட் இதை ஆராய்ந்து, 1968இல் வெளியிட்ட செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூலில் விரிவாக எழுதினார். கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் திரும்பி வந்தன, புழு அடங்கியது.

தோட்டச் சாலையோரம் வரிசையாக நட்டிருக்கும் மஞ்சள், வெள்ளை டர்னெராப் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக நட்டவையல்ல. குளவிக்குத் தேன் தருவதற்காக நட்டவை. குளவியின் குஞ்சு புழுவைத் தின்னும். வளர்ந்த குளவிக்குத் தேன்தான் உணவு. அங்கேயே சிக்கானஸ் என்ற கொலைகாரப் பூச்சியும் திரியும். அதன் வாய் ஓர் ஊசி. பைப்புழுவைக் குத்தி, உள்ளிருப்பதைக் கரைத்து, உறிஞ்சிவிடும்.

செம்பனை 25 ஆண்டு வாக்கில் முதிர்ந்ததும் வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்வார்கள். துண்டுபோட்டுக் கிடத்திய தண்டுகள் மக்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டுக்குக் கொண்டாட்டம். மக்கிய தண்டுக்குள் அதன் தடித்த வெள்ளைப் புழுக்கள் மாதக்கணக்கில் வளரும். வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டினாற்போல் முக்கோணமாகக் குறைந்திருக்கும். தென்னை வளர்த்தவர்களுக்கு இந்த அடையாளம் நன்றாகத் தெரியும்.

இந்த வண்டுக்கு எமன் இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டான். 1963இல் ஜெர்மன் ஆய்வாளர் அலோய்ஸ் ஹூகர் மலாயாவின் காண்டாமிருக வண்டுகளில் ஒரு வைரஸைக் கண்டார். மனிதனுக்கோ மரத்துக்கோ அது ஒன்றும் செய்யாது. வண்டின் குடலுக்குள் பெருகும். நோயுற்ற வண்டு உடனே சாகாமல் சில வாரம் பறந்து திரியும். போகுமிடமெல்லாம் எச்சத்தோடு வைரஸையும் விட்டுவரும். மருந்தடிக்க ஆள் ஏற முடியாத பொந்துக்கும் வண்டே மருந்தைச் சுமந்துபோகிறது. 1967இல் இந்த வைரஸை சமோவாத் தீவில் விட்டார்கள். பசிபிக் தீவுகளின் தென்னைகளை அது காத்தது. ஆனால் வண்டும் சும்மா இருக்கவில்லை. 2007இல் குவாம் தீவுக்குள் நுழைந்த ஒரு வண்டு வகை, பழைய வைரஸுக்கு அசைந்துகொடுக்கவில்லை. இந்தப் போட்டி இன்னும் முடியவில்லை.

அடுத்து கால்களின் கீழே. தோட்டத்தில் புற்று இருந்தால் அம்மன் குடிகொண்ட இடமென்று மஞ்சள் தடவிக் கும்பிடுகிறோம். அதை எழுப்பிய கறையான்கள் விவசாயம் செய்கின்றன என்பது இன்னொரு வியப்பு. பெரிய புற்றுக் கறையானால் சருகையும் மரத்தையும் முழுமையாகச் செரிக்க முடியாது. தின்றதைப் புற்றுக்குள் கொண்டுவந்து கழிவாக அடுக்கி, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை அதை மக்கவைத்துக் கொடுக்க, கறையான் சாப்பிடுகிறது. மனிதன் ஏர் பிடித்து 10,000 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். கறையானின் பயிர்த்தொழிலுக்கு வயது ஏறத்தாழ 3 கோடி ஆண்டு. மழைக்குப்பின் புற்றோரம் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைத்தவர்கள், கறையான் வளர்த்த பயிரைத்தான் அறுவடை செய்தார்கள்.

தோட்ட எல்லையில் மாமரமோ ரம்புத்தானோ நின்றால், இலைகளை ஒட்டிக் கட்டிய பச்சைக் கூடுகளில் சிவப்பு முசுறுகளைக் காணலாம். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பது இவற்றைத்தான். கடி வாங்கியவர்கள் மறக்கமாட்டார்கள். கூடு கட்டும் விதத்தைப் பார்த்தால் கடியையும் மன்னித்துவிடலாம். தொலைவில் உள்ள இலையை இழுக்க ஓர் எறும்பு போதாதென்றால், ஒன்றின் இடுப்பை மற்றொன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கி இழுக்கும். இலைகள் சேர்ந்ததும் ஒட்டப் பசை வேண்டுமே? வளர்ந்த எறும்பிடம் பட்டுநூல் கிடையாது. புழுப்பருவக் குஞ்சிடம்தான் உண்டு. எனவே குஞ்சை வாயில் கவ்வி வந்து, இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாறி மாறித் தொட்டு, அது விடும் நூலால் தைத்துவிடும். தொட்டில் குழந்தையும் வீடு கட்ட உழைக்கும் குடும்பம் இது.

கொஞ்சம் தள்ளி, மரப்பொந்தில் பிசினால் செய்த குழல் ஒன்று வெளியே நீண்டிருந்தால் அது கெலுலுட் கூட்டின் வாசல். கொட்டத் தெரியாத சிறு தேனீ இது. அறுகோண அடை கட்டாது. மெழுகும் பிசினும் குழைத்து உருண்டைக் குடுவைகள் செய்து தேனை நிரப்பும். தேன் புளிக்கும். 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மலேசியக் கெலுலுட் தேனையும் சோதித்தபோது, அதன் இனிப்பில் பெரும்பங்கு டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை என்று தெரிந்தது. சாதாரணச் சர்க்கரையைவிட அது இரத்தத்தில் மெல்லக் கலப்பது.

தேனீக் கூடுகளில் வளரும் புழுக்களைத் தின்று வாழும், கடல் தாண்டி வரும் பறவையும் உண்டு. மலாக்காவுக்குச் சொந்தமாயினும் நெகிரி செம்பிலான் நிலத்துக்குள் தனியே கிடக்கிறது தஞ்சோங் துவான். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து அங்கே கரை சேரும். குளவி, தேனீக் கூடுகளைக் குதறிப் புழுக்களைத் தின்பது அவற்றின் பிழைப்பு. முகத்தில் செதில்போல் நெருங்கிய இறகுகள், கொட்டுகளைத் தாங்கும் கவசம். புழு இல்லையேல் அந்தப் பருந்தும் இல்லை.

இத்தனை வகையை முதலில் எண்ணிப் பார்க்க வந்தவர்களுள் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் முக்கியமானவர். 1854 ஜூலையில் மலாக்காவுக்கு வந்து, காடிங், ஆயர் பானாஸ் பக்கங்களில் பூச்சியும் பறவையும் சேகரித்து, குனோங் லேடாங் மலையும் ஏறினார். மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டு அலைந்து அவர் சேர்த்த மாதிரிகள் 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200. மூன்றில் இரண்டு பங்கு! வண்டுகளே கண்ணாயிருந்த அவரை மலாக்காவில் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அமேசானில் வாங்கிய பழைய காய்ச்சல் மீண்டும் எழுந்ததென்று நினைத்தார். அரசு மருத்துவர் ஒரு வாரம் கொய்னா கொடுத்தார். அந்தக் காய்ச்சலைத் தருவது எந்தப் பூச்சி என்பது உலகின் மாபெரும் பூச்சி சேகரிப்பாளருக்கே அன்று தெரியாது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டது 43 ஆண்டு கழித்து, 1897இல்.

அதற்கு ஓராண்டு முன், 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை நட்டிருந்தார். அதைத் தொடர்ந்து காடுகள் அழிந்து தோட்டங்கள் எழ எழ, தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் லயங்களில் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் மாண்டார்கள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடித்து, காட்டை வெட்டிக் காய்ச்சலைக் குறைத்தார். அதே வைத்தியம் மலைத்தோட்டங்களில் எதிர்மறையாகப் போயிற்று. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது.

காரணம் கொசு ஒன்றல்ல என்பதே. சமவெளியில் நோய் பரப்பிய அனோபிலஸ் அம்ப்ரோசஸ் நிழல் விழும் தேங்கிய நீரில் முட்டையிடும். காட்டை வெட்டி வெயில் விட்டால் அது போய்விடும். மலையில் நோய் பரப்பிய அனோபிலஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும். காட்டை வெட்டுவது அதற்கு வீடு கட்டித் தருவதுதான். ஒன்றை விரட்டும் வேலை மற்றொன்றை வரவேற்கும் வேலையாயிற்று. மலையோடைகளைக் குழாய் பதித்து மண்ணுக்கடியில் செலுத்தியும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தும்தான் பிறகு இந்தக் கொசுவை அடக்கினார்கள். இரண்டும் பார்வைக்கு அனோபிலஸ்தான். வித்தியாசம் தெரியாத காலத்தில் அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

மகரந்த வண்டின் வெற்றிக்கும், பைப்புழுவின் பெருக்கத்துக்கும், மலைக்காய்ச்சலின் கொடுமைக்கும் அடிவேர் ஒன்றுதான்: எந்த இனம், எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்பதைச் சரியாக அறிந்ததும் அறியாததும். மலாக்காத் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இதற்கு ஆய்வுக்கூடம் தேட வேண்டாம். பள்ளி வேலியோரம் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு முழுவதும் அதில் வந்து போகும் பூச்சிகளைப் படம் வரைந்து, தேதியிட்டு எழுதிவைத்தால் போதும். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருந்துப் புட்டியைக் கையில் எடுக்கும்முன், எதிரே இருப்பது திருடனா காவலாளியா என்று விசாரித்துவிட்டு அடியுங்கள்.